புடிச்சிருச்சு!

"ஐயோ! புடிச்சிருச்சு! புடிச்சிருச்சு!"

நள்ளிரவில் குழந்தைவேலு போட்ட அலறலில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயமே எழுந்து ஓடியது.

ஓடாமல் என்ன செய்வார்கள்? அது ஜப்பான்காரர்கள் மலாயாவை ஆண்ட காலம். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமென்று, இரவில் லாரியில் வந்து ரப்பர் தோட்டத்து ஆண்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். சுங்கை லாலாங் பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருவர்கூடத் திரும்பி வரவில்லை. அதனால் 'புடிச்சி' என்று காதில் விழுந்தாலே போதும், மிச்சத்தைக் கேட்க யாரும் நிற்க மாட்டார்கள்.

அடுத்த வீட்டு முனியாண்டி மாமா பின்பக்கமாகப் பாய்ந்து நேரே சாக்கடைக்குள் விழுந்தார்.

ஓடாமல் நின்றவள் குழந்தைவேலுவின் மகள் நவமணி மட்டும்தான். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"யாருப்பா புடிச்சா?"

"யாரும் புடிக்கலம்மா! கெண்டைக்கால்! நரம்பு புடிச்சிருச்சு!"

நவமணி தொட்டுப் பார்த்தாள். கெண்டைக்கால் கல்லாக இறுகியிருந்தது. கால் விரல்கள் கீழ்நோக்கி வளைந்திருந்தன. அப்பா தட்டுத்தடுமாறி எழுந்து பாதத்தைத் தரையில் அழுத்தி ஊன்றினார். வலி மெல்ல மெல்ல விட்டது.

விடிந்ததும் முனியாண்டி மாமா நொண்டிக்கொண்டே வந்தார். பாதிச் சேறு இன்னும் அவர் காதில் இருந்தது.

"பக்கத்து ஊரு பீடோங்குக்கு லாரி வந்திருச்சாம். நாளையிலேருந்து ஆம்பளைங்க எல்லாரும் லாலான் புல்லுக்குள்ள இருக்கிற பள்ளத்துல போய்ப் படுக்கப் போறோம். ஆனா குழந்தவேலு வரக்கூடாதுலா. அங்க வந்து இப்படிக் கத்துனா எல்லாருமே சயாம்தான்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நீங்க சொல்றது நியாயம்தாண்ணே. நான் வீட்டுலயே இருக்கேன்."

அம்மா செல்லாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் இருந்தால் லாரி நேரே வாசலுக்கே வரும். நவமணி மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, அப்பா கத்தலன்னா கூட்டிட்டுப் போவீங்களா?"

"வலிச்சா எப்படிம்மா கத்தாம இருப்பான்?"

"நான் பாத்துக்கிறேன்."

மாமா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "சரி. இன்னைக்கு ராத்திரி அவன் சத்தம் என் காதுல விழக்கூடாது. விழலன்னா கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, என்ன செய்வதென்று நவமணிக்குத் தெரியவில்லை. அன்று முழுவதும் அப்பாவின் பின்னாலேயே சுற்றினாள்.

மரவள்ளிக் கொல்லையில் வெயில் கொளுத்தியது. அப்பா மண்வெட்டியால் கொத்திக்கொண்டே இருந்தார். உடம்பில் வியர்வை ஆறாக ஓடியது. மதியம் பார்த்தால், காலையில் கொண்டுவந்த தண்ணீர் அப்படியே இருந்தது.

"ஏம்ப்பா குடிக்கல?"

"தண்ணி குடிச்சா அடிக்கடி ஒதுங்கப் போகணும். ஜப்பான்காரன் அதுக்கும் அறைவான்மா."

"ஒதுங்கப் போனா ஒரு அறை. ராத்திரி கத்துனா சயாம். குடிங்கப்பா."

அப்பா சிரித்துவிட்டுக் குடித்தார். அதன்பிறகு போகும்போதும் வரும்போதும் நவமணி தண்ணீரை நீட்டிக்கொண்டே இருந்தாள். வேண்டாமென்றால் விடவில்லை.

வீட்டில் உப்பு கைப்பிடி அளவுதான் இருந்தது. அந்த நாளில் உப்பு கிடைப்பது அவ்வளவு கடினம்.

"எனக்கு உப்பில்லாத கிழங்கு போதும்மா. என் பங்கை அப்பா கஞ்சியில போடுங்க. வியர்வையில அவ்வளவு உப்பு போகுதே" என்றாள் நவமணி.

"உப்பில்லாம உனக்கு இறங்குமா?" என்றாள் அம்மா.

"மூக்கைப் புடிச்சிக்கிட்டு முழுங்கிடுவேன்."

இரவில் அப்பா கோணிச் சாக்கைப் போர்த்திக்கொண்டு படுத்தார். குளிருக்காகச் சாக்கின் நுனியைப் பாதத்துக்கு அடியில் இறுக்கிச் செருகியிருந்தார். அது அவர் கால் விரல்களைக் கீழ்நோக்கி அமுக்கிக்கொண்டிருந்தது. நேற்று அலறியபோதும் விரல்கள் இப்படித்தானே கீழே பார்த்தன! நவமணி சாக்கைத் தளர்த்திவிட்டாள்.

அப்படியும் விடிவதற்குள் அப்பா விலுக்கென்று எழுந்தார். வாய் திறந்தது.

நவமணி பாய்ந்து ஒரு கையால் அவர் வாயைப் பொத்தினாள். மறுகையால் கால் விரல்களைப் பற்றினாள். வலி கீழே இழுத்தால், நாம் மேலே இழுத்தால் என்ன?

"காலை நீட்டுங்கப்பா! மடக்காதீங்க!"

விரல்களை அப்பாவின் முகத்துப் பக்கமாக இழுத்துப் பிடித்தாள். அப்பா மூச்சடக்கினார். கல்லாக இருந்த கெண்டைக்கால் கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. அம்மா வந்து அதை மெல்லத் தேய்த்துவிட்டாள்.

காலையில் முனியாண்டி மாமா எட்டிப் பார்த்தார். "நல்லாத் தூங்கினேன்லா" என்றார். அதுவே சம்மதம்.

ஆனால் பள்ளத்தில் விரலைப் பிடித்து இழுக்க யார் இருப்பார்கள்? நவமணி சாக்கின் ஓரத்தைக் கிழித்து நீளமான பட்டையாக முறுக்கினாள். "இதைப் பாதத்துல மாட்டி நீங்களே மேல இழுத்துக்கலாம்பா" என்று காட்டிக் கொடுத்தாள்.

அன்று இருட்டியதும் ஆண்கள் கிளம்பிப் போனார்கள். பாயை விரிக்கப் போன நவமணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. பட்டை அங்கேயே கிடந்தது!

அம்மா கூப்பிடக் கூப்பிட அவள் ஓடினாள். லாலான் புல் முழங்காலைக் கீறியது. பள்ளத்தில் இறங்கி அப்பாவின் கையில் பட்டையைத் திணித்தபோது, தோட்டத்துச் சாலையில் வெளிச்சம் தெரிந்தது. லாரி!

"படு, படு!" என்று கிசுகிசுத்தார் முனியாண்டி மாமா.

லயத்துக் கதவுகள் தடதடவென்று தட்டப்படுவது கேட்டது. பிறகு பூட்ஸ் சத்தம் பள்ளத்தை நோக்கி வந்தது. டார்ச் வெளிச்சம் புல்லின் மேல் அலைந்தது.

அப்போதுதான் அப்பாவின் கை நவமணியின் கையை நெரித்தது. அவளுக்குப் புரிந்துவிட்டது. இருட்டில் தடவிப் பட்டையை அவர் பாதத்தில் மாட்டினாள். அப்பா இழுத்தார். ஆனால் முழங்கால் மடங்கி மடங்கி வந்தது. கால் நேராக இருந்தால்தானே வலி விடும்!

நவமணி பக்கத்தில் இருந்த மாமாவின் கையை இழுத்து அப்பாவின் முழங்கால் மேல் வைத்தாள். மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு முழங்காலை அழுத்திப் பிடித்துக்கொண்டார். நவமணியும் அப்பாவோடு சேர்ந்து பட்டையை இழுத்தாள்.

பூட்ஸ்கள் பள்ளத்தின் விளிம்பில் நின்றன. சின்ன மண்கட்டி ஒன்று உருண்டு நவமணியின் கழுத்தில் விழுந்தது. அவள் அசையவில்லை. அப்பா போர்த்தியிருந்த சாக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒரு முனகல்கூட வரவில்லை.

பூட்ஸ்கள் திரும்பிப் போயின. சற்று நேரத்தில் லாரி வெறுமையாகக் கிளம்பியது.

அப்பா நவமணியைச் சேர்த்து அணைத்துக்கொண்டார். அவர் கன்னம் ஈரமாக இருந்தது.

திடீரென்று முனியாண்டி மாமா துள்ளினார். இவ்வளவு நேரம் மடங்கியே இருந்த கால் அவரைச் சும்மா விடுமா?

"நவமணி... ஐயோ... எனக்குப் புடி..."

பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் ஓடத் தயாராக எழுந்தார்கள். மாமா சட்டென்று அந்தச் சொல்லை அப்படியே விழுங்கினார்.

"இழுக்குதும்மா" என்றார் பூனைக்குரலில். "சும்மா, கொஞ்சம் இழுக்குது."

நவமணி பட்டையை அவரிடம் நீட்டினாள்.

"நீங்களும் இழுங்க மாமா. மேல!"