இறங்கிவிட்ட அழுத்தம்

கருவி சத்தம் போடவில்லை.

அதன் நுனி கருவிழியைத் தொட்டு மீண்டால் ‘பீப்’ என்று ஒரு சத்தம் வரும். பிறகு சின்னத் திரையில் கண் அழுத்தம் எண்ணாக விழும். கண் வார்டில் நர்ஸாக இத்தனை வருடமாக அவள் செய்யும் வேலையே இதுதான். இன்று காலை எல்லாக் கட்டில்களிலும் ஒழுங்காகக் கூவிய கருவி, ஜன்னலோரக் கட்டிலுக்கு வந்ததும் வாயடைத்துப் போனது. அங்கே படுத்திருந்தவர் அவளுடைய கணவர்.

“என்ன மேடம், இறங்கியிருக்கா?” என்றார்.

வேறு யார் கருவியை நீட்டினாலும் கண்ணை இறுக மூடிக்கொள்கிற ஆள். “உன் கை பட்டாத்தான் எனக்கு இறங்கும்” என்று வார்டே கேட்கும்படி சொல்லி அவள் மானத்தை வாங்குவார். நேற்று வரை அழுத்தம் ஏறிக்கொண்டேதான் இருந்தது. இன்றும் இறங்காவிட்டால் மிச்சமிருக்கும் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் கையை விரித்திருந்தார். இறங்கிவிட வேண்டும் என்று அவள் வேண்டாத தெய்வமில்லை.

மறுபடி வைத்தாள். சத்தமில்லை.

பக்கத்துக் கட்டில்காரருக்கு வைத்தாள். பீப். “இப்பத்தானே பார்த்தீங்க சிஸ்டர்?” என்று அவர் அலுத்துக்கொண்டார். தன் கண்ணிலேயே வைத்துப் பார்த்தாள். பீப்.

“மெஷின் மக்கர் பண்ணுதுங்க. கண்ணை மூடுங்க.”

பழைய முறை ஒன்று இருக்கிறது. மூடிய இமைமேல் இரண்டு ஆள்காட்டி விரல்களையும் வைத்து, மாற்றி மாற்றி மெல்ல அழுத்திப் பார்ப்பது. உயிருள்ள கண் விரலை எதிர்த்துத் தள்ளும். அவருடைய வலது கண் தள்ளவில்லை. விரல் பாட்டுக்கு உள்ளே போனது. இடது கண்ணும் அப்படியே. இப்படி அமுங்கும் கண்களை அவள் முன்பும் தொட்டிருக்கிறாள், கண்தானம் எடுக்கப் போன வீடுகளில், கூடத்தில் கிடத்தியிருந்தவர்களிடம்.

வராந்தாவில் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டுக்கொண்டே போக, ஸ்பிரிட் வாசனைக்கு அடியில் ஈரத்துணியைப் பூட்டி வைத்தது போன்ற ஒரு வாடை மெல்ல எழுந்தது. அவர் ஏதோ சொல்லிச் சிரித்தார். உதடு அசைந்தது. அவர் முகத்தின்மேல் இருந்த அவள் மணிக்கட்டில் மூச்சுக்காற்று படவில்லை.

நாடியைப் பிடித்துப் பார்க்க வேண்டியதுதானே? பார்க்கவில்லை. பயம். பார்த்தால் உறுதியாகிவிடும். போர்த்திவிடுவார்கள். கொண்டுபோய்விடுவார்கள்.

“பிரஷர் எப்படி இருக்கு?” வாசலில் டாக்டர்.

“நார்மல் டாக்டர்.”

“பரவாயில்லையே! அப்ப இன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க.”

டாக்டர் போய்விட்டார். அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எப்படியிருந்தாலும் சரி, இவர் வீட்டுக்கு வந்தால் போதும். பேசுகிறாரே. சிரிக்கிறாரே. அது போதும் அவளுக்கு.

“ஏம்மா அழற? அதான் இறங்கிடுச்சே.”

கண்களைத் திறந்தார்.

அவள் விரல்கள் அழுத்திய குழிகள் இரண்டு விழிகளிலும் அப்படியே இருந்தன. நிரம்பவில்லை.

“எல்லாம் நல்லாத் தெரியுதும்மா” என்றார். குழி விழுந்த அந்தக் கண்களால், இமைக்காமல், ஆசையாக அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.