எவ்ராரின் மூலை உடைந்த கல்

கல்லிலிருந்து வழிந்த பால் கறுப்பாக இருந்தது.

ஓடில் கையை நிறுத்தினாள். மஞ்சள் தீட்டுக்கல்லை நீர்விட்டுத் தேய்த்தால் பால் போல வெளிறிய மஞ்சள் குழம்புதான் வரும். சவரக்கத்தியின் இரும்பு கரைந்தால்தான் அது கறுக்கும். சால்ம் ஆற்றங்கரைப் பட்டறையில் பதினேழு வருடம் கல் தேய்த்தவளுக்கு இது தெரியாதா? இன்று கத்தியே படாத கல்லில் இது எப்படி?

பழைய அழுக்காக இருக்கும் என்று கழுவிவிட்டு மறுபடி தேய்த்தாள்.

போன மாதம் இறந்துபோன மேலத்தெரு நாவிதர் எவ்ராரிடமிருந்து இவர்கள் கடைக்கு வந்துசேர்ந்த பெட்டியில் கிடந்த கல் அது. நடுவில் அகப்பை போலக் குழி, ஒரு மூலை உடைசல். நாவிதரான அவள் கணவன் செர்வேயின் கல் நேற்றுக் கீழே விழுந்து பிளந்துவிட்டது. இன்று மூன்று மணிக்கு மகன் லெயோன்ஸுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைச் சவரம் அப்பா கையால். அதனால் காலையிலேயே உடைந்த பக்கத்தை ஒரு விரல்கடை அளவு தேய்த்து நான்கு மூலையையும் நேராக்கினாள். இப்போது பென்சிலால் குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, மணல் தூவிய கண்ணாடிப் பலகையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கோடெல்லாம் அழிந்தால் கல் மட்டமாகிவிட்டதென்று அர்த்தம்.

வீட்டின் முன்பக்கச் சவரக்கடையிலிருந்து லெயோன்ஸ் கத்தினான். "அம்மா! கல்யாணம் இன்னைக்கா, அடுத்த வருஷமா? கணப்படுப்புக் குழாய் உடைஞ்சதுல தாடியே உறைஞ்சுபோச்சு. கண்ணாடில மூச்சு படிஞ்சு என் அழகே எனக்குத் தெரியல!"

"தெரியாத வரைக்கும் நல்லதுடா," என்றார் செர்வே.

ஓடில் சிரித்தாள். கடைசிக் கோடும் அழிந்தது. மெழுகுவத்தி அணைந்த வாசனையும், அதற்கு அடியில் புதிதாய் வெட்டிய ஈரமண் வாசனையும் அந்தச் சமையலறையில் மெல்லப் பரவின. மேஜையில் மெழுகுவத்தி ஏதும் இல்லை.

செர்வே வந்து ஜன்னலோரம் நின்று கத்தியைத் தீட்டினார். பட்டுத்துணி உரசுவது போல ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை.

"என்ன கல்லுடி இது! வெண்ணெய் மாதிரி வழுக்குது," என்று சொல்லிக்கொண்டே கத்தியோடு போய்விட்டார்.

பின்கதவைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டு ஃபிலோமென் கல்யாணத்துக்குச் செய்த அரிசி டார்ட் பலகாரத் தட்டோடு வந்தாள். அவள் பார்வை கல்லில் நின்றது.

"எவ்ரார் பெட்டியில இருந்ததா? அதுல மூலை உடைஞ்ச கல்லு ஒண்ணு இருக்குமே, அதை எங்க வெச்ச?"

"இதுதான் அது. அசிங்கமா இருந்துச்சு, நேர் பண்ணிட்டேன்."

ஃபிலோமென் தட்டை மேஜையில் வைக்கத் தடுமாறினாள். "அடிப்பாவி! அந்த மூலையை அவரே உடைச்சாருடி. செத்தவங்களுக்குச் சவரம் பண்ற கத்தியை மட்டும் தீட்டுற கல்லு. கண்ணு மங்கினப்புறம்கூட மூலையைத் தடவிப் பார்த்துட்டுத்தான் கல்லை எடுப்பாரு. மாறிடக் கூடாதுன்னு."

ஓடில் காதைத் தீட்டிக்கொண்டாள்.

லெயோன்ஸின் தாடி முரட்டுத் தாடி. கத்தி இறங்கினால் சுவரைத் தாண்டிச் சரசரவென்று கேட்கும். பல வருடமாகக் கேட்டுப் பழகிய சத்தம்.

கேட்கவில்லை.

ஓடினாள்.

கடை பனிக்கட்டியாய்க் குளிர்ந்தது. அவள் மூச்சு புகையாய் வந்தது. செர்வேயின் மூச்சும். நாற்காலியில் சாய்ந்திருந்த லெயோன்ஸின் முகம் வழவழவென்றிருந்தது. சவரம் முடிந்திருந்தது.

செர்வே அவன் தாடைக்குக் கீழே துணியை ஒற்றினார். எடுத்துப் பார்த்தார். மறுபடி ஒற்றினார்.

"வெட்டு விழுந்துடுச்சு ஓடில். நல்ல ஆழம்." அவர் துணியை அவளிடம் நீட்டினார். "ரத்தம் வரலையே."

துணி வெள்ளை. வெட்டும் வெள்ளை. மெழுகில் நகம் கீறியது போல.

லெயோன்ஸ் கண்ணாடியைக் கையில் எடுத்து மூக்கருகே பிடித்துக்கொண்டு, இப்படியும் அப்படியும் திரும்பி அழகு பார்த்தான். அம்மாவைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னம்மா இப்படி நிக்கிற? நல்லாத்தானே இருக்கேன்? வேடிக்கையைப் பாரேன், இப்பக் குளிரவே இல்ல."

அத்தனை பேசியும் அவன் வாயிலிருந்து புகை வரவில்லை. கண்ணாடி, துடைத்து வைத்தது போலத் தெளிவாக இருந்தது.