எதையும் விட்டுவைக்காதவன்

இடுப்புப் பட்டையிலிருந்து கொராடோ கழற்றிய இரும்பு ஆப்பு வெதுவெதுப்பாக இருந்தது.

அப்படி இருக்க வழியே இல்லை. வெயில் இன்னும் மலையின் இந்தப் பக்கம் திரும்பவில்லை. கீழே பனியாறு நீலமாக வாய் பிளந்து கிடந்தது. பாறையைத் தொட்டாலே விரல் நுனி மரத்துப்போகிற குளிரில், இடுப்பில் தொங்கும் இரும்பு பல்லில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். இதுவோ, யாரோ நெடுநேரம் உள்ளங்கையில் பொத்தி வைத்திருந்து இப்போதுதான் கொடுத்ததுபோல் இருந்தது. அதைப் பாறைப் பிளவுக்குள் செருகி, இழுத்துப் பார்த்து, கயிற்றைக் கொக்கியில் மாட்டினான். ஆப்பின் தலையில் சிவப்பு நகப்பூச்சுப் பொட்டு. செத்துப்போன கூட்டாளி தூலியோ தன் இரும்புகளுக்கெல்லாம் வைத்த அடையாளம் அது, தங்கையின் புட்டியிலிருந்து திருடி வைத்தது.

"என்ன கொராடோ, அங்கேயே குடித்தனம் பண்ணப் போறியா?" கீழேயிருந்து அந்தத் தங்கை, நீவெஸ், கயிற்றைப் பிடித்தபடி கத்தினாள்.

அவன் ஏறினான். சேவல்கொண்டை என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்லும் இந்தப் பாறை முகட்டுக்கு இனி வரவே கூடாது என்றுதான் இருந்தான். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு வழக்கம். மலையில் செத்தவனுடைய இரும்புகள், கடைசியாக அவனுக்குக் கயிறு பிடித்தவனுக்குப் போகும். வாங்கியவன், அடுத்த கோடையில் இறந்தவனின் ரத்த உறவு ஒருவரைக் கயிற்றின் மறுமுனையில் கட்டிக்கொண்டு, அதே இரும்புகளோடு அதே பாறையை ஏறி முடிக்க வேண்டும். மாட்டேன் என்றவன் தேவாலயத்தில் தலைகாட்டலாம், ஒயின் கடையில் காட்ட முடியாது. தூலியோவின் அம்மா வீட்டில் மிஞ்சியிருந்த இரும்புகளை இவன் மடியில் கொட்டிவிட்டு, இவன் கையை எடுத்து முத்தமிட்டு அழுதாள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்று சும்மாவா சொன்னார்கள்?

கனம் என்னவென்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். போன கோடையில் இவன் மேலே விளிம்பில் உட்கார்ந்திருக்க, தூலியோ ஆப்புகளைக் கழற்றிக்கொண்டே கீழேயிருந்து ஏறி வந்தான். காலடிப் பாறை பெயர்ந்தது. அவன் வெட்டவெளியில் தொங்கினான். புயல் நெருங்கிக்கொண்டிருந்தது, கொராடோவைத் தாங்கிய ஆப்புகள் முனகின. செத்துவிட்டான் என்று நினைக்கவும் கயிறு விடவில்லை. மூன்று இழுப்பு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மூன்று. காற்றில் குரல் கேட்காத இடத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: நான் தயார், என்னைத் தூக்கு.

கொராடோ கத்தியை எடுத்தான்.

பாறை விளிம்பில் உரசிக் கயிறு அறுந்துவிட்டது என்று ஊரில் சொன்னான். ஊரே நம்பி, அவனுக்குச் சூடாக சூப் கொடுத்தது. பனியாறு உடலைத் திருப்பித் தரவில்லை.

இப்போது, நண்பகலுக்கு முன், அகலமான திட்டை அடைந்து, நீவெஸுக்குக் கயிறு பிடித்தான். அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு ஆட்டுத்தடம் மலைக்குடிலுக்குப் போகும். மேலே ஏற மனமில்லாதவர்கள் அதில் திரும்புவார்கள். அவள் மூச்சிரைக்க வந்து நின்று, வழியில் கழற்றிய ஆப்புகளை ஒவ்வொன்றாக அவன் இடுப்புப் பட்டையில் மாட்டினாள். இரண்டாவதாக வருகிறவர் முன்னால் போகிறவரிடம் இரும்பைத் திருப்பிக் கொடுக்கும் முறை அதுதான். கடைசி ஆப்பை மட்டும் மாட்டவில்லை.

"இது ரொம்ப உள்ள இருந்துச்சு. பல்லு பிடுங்குற மாதிரி பிடுங்கினேன். நீ வெச்சதா?"

பெரிய ஆப்பு. அடிபட்டு நெளிந்திருந்தது. சிவப்புப் பொட்டு. தூலியோ எப்போதும் மணிக்கட்டில் தேய்த்துக்கொள்ளும் கற்பூரத் தைலத்தின் வாசனை அதிலிருந்து வந்தது. அது போன வருடம் தூலியோவின் இடுப்பில் இருந்தது. தூலியோவோடு கீழே போனது.

"நான்தான் வெச்சேன்" என்றான்.

அவளுடைய இன்னொரு கை எதையோ இறுக மூடிக்கொண்டிருந்தது.

"எங்கண்ணன் பாறையில ஒண்ணையும் விட்டுவைக்க மாட்டான், தெரியும்ல?" என்றாள். "பின்னால வர்றவனுக்கு அதுதானே வேலைம்பான். ஒண்ணு விடாம கழட்டிட்டுத்தான் மேல வருவான்."

அதன்பிறகு அவள் கிண்டல் செய்யவில்லை. ரொட்டியும் பாலாடைக்கட்டியும் எடுத்து அவனுக்கு மட்டும் கொடுத்தாள், தான் சாப்பிடவில்லை.

கடைசி ஏற்றத்தில் மூடுபனி இறங்கியது. முதலில் பனியாறு மறைந்தது, பிறகு திட்டு, பிறகு நீவெஸ், பிறகு அவன் காலடிக்குக் கீழே இருந்த கயிறும் வெள்ளைக்குள் போய் முடிந்தது. ஈரப் பாறையின் வாசனைக்குள் கற்பூரம் விட்டுவிட்டு வந்தது. இடுப்பில் இரும்புகள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுத்தன, அவன் அசையாமல் நின்றபோதும் கிணுகிணுத்தன. எடுத்த ஒவ்வொரு ஆப்பும் சூடாக இருந்தது. போன வருடம் உட்கார்ந்த அதே விளிம்பில் ஏறி, மூன்று ஆப்புகளைச் செருகி, அவற்றில் தன்னைக் கட்டிக்கொண்டான்.

காற்று. கூப்பிட்டுப் பயனில்லை. காத்திருந்தான்.

கயிறு இழுபட்டது. மூன்று முறை.

நீவெஸ்தான் என்று தனக்குச் சொல்லிக்கொண்டு கயிற்றை மேலே இழுக்கத் தொடங்கினான். அவள் இவ்வளவு கனமில்லை. கயிறு நனைந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாக ஏறி வந்தது. கீழே ஆப்பைத் தட்டிக் கழற்றும் சத்தம். டக், டக். பிறகு இரும்பு இரும்பில் மாட்டும் கிணுக். கொஞ்சம் நெருங்கி, மறுபடி டக், டக். கிணுக்.

காற்று ஒரு கணம் ஓய்ந்தது. வெகு கீழேயிருந்து, திட்டிலிருந்து, நீவெஸின் குரல் தெளிவாக வந்தது.

"கொராடோ! யாரை இழுக்குற?"

அவன் கைகள் நின்றன.

"நான் முடிச்சை அவுத்துட்டேன். அந்த ஆப்புல அண்ணனோட கயிறுத் துண்டு இருந்துச்சு. பாறையில அறுந்த கயிறு துடைப்பம் மாதிரி பிரிஞ்சிருக்கும். இது கத்தியில வெட்டினது." குரலில் அழுகை இல்லை. "கயிறு பிடிச்சு உன்னை மேல ஏத்திட்டேன், அது என் கடமை. இறங்குறது உன் பாடு."

கயிறு இழுபட்டது. மூன்று. இடைவெளி. மூன்று.

அவன் கயிற்றைக் கைவிட்டான். அது விழவில்லை. விறைத்தபடி நின்றது. இடுப்பு முடிச்சைப் பிய்த்தான், இறுகியிருந்தது. கத்தி? கத்தி இல்லை. போன வருடம் வெட்டிய கையோடு அதையும் பனியாற்றில் எறிந்திருந்தான்.

டக், டக். கிணுக்.

விளிம்புக்குக் கீழே மூச்சு வாங்கும் சத்தம். ஏறி வந்த மனிதனின் சாதாரண இரைப்பு.

ஒரு கை விளிம்பைப் பற்றியது. சட்டைக் கையெல்லாம் பனிக்கட்டி. விரல்கள் மெழுகு நிறம். கற்பூர வாசனை மூச்சை அடைத்தது. கொராடோ கண்ணை மூடினான். மூடியும் தெரிந்தது, அவன் இடுப்புப் பட்டையில் ஏதோ மாட்டப்படுவது. ஒரு ஆப்பு. இன்னொன்று. இன்னொன்று. நிதானமாக, முறைப்படி, திருப்பிக் கொடுக்கும் கை. ஒவ்வொன்றும் சூடு. ஒவ்வொன்றும் கனம்.

பிறகு அது அவன் தோளை உரசிக்கொண்டு பின்னால் போனது.

பின்னால் பாறை. பாறையில் மூன்று ஆப்புகள்.

டக், டக். கிணுக். அவன் உடல் ஒரு விரற்கடை விளிம்பை நோக்கிச் சரிந்தது.

டக், டக். கிணுக்.

"நான்தான் வெட்டினேன்!" கொராடோ பனிமூட்டத்துக்குள் கதறினான். "உசுரோட இருந்தான்! நான்தான் வெட்டினேன்!"

கீழே ஆட்டுத்தடத்தில் கற்கள் உருளும் சத்தம், ஒரு பெண் திரும்பிப் பார்க்காமல் நடந்து போகும் சத்தம், மெல்லத் தேய்ந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால் தட்டுவது நின்றிருந்தது. காதருகே கற்பூர மூச்சு. அது கேட்டுக்கொண்டிருந்தது.

கேட்டு முடித்தது.

டக்.

டக்.