மூன்றாவது மஞ்சள் வயர்

மழை ஈரம் படாமலிருக்க மோட்டார் சைக்கிளின் பேட்டரியைக் கழற்றிச் சமையலறை மேடைக்கு அடியில் வைத்துவிட்டு வந்த பிறகும், வண்டியின் நியூட்ரல் விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் சாவித் துவாரத்தைப் பார்த்தாள். காலி. சாவி அவள் கைக்குள்தான் இருந்தது. மத்தியானம் பிடித்த மழை இன்னும் விடவில்லை. வீட்டுச் சுவரை ஒட்டித் தகரம் போட்ட அந்த ஒடுங்கிய கொட்டகைக்குள் மழையின் இரைச்சலும், பழைய பெட்ரோல் வாடையும், ஊறிய சுவரின் பாசி மணமும் ஒன்றில் ஒன்று குழைந்து, மூச்சை இழுக்கும்போதெல்லாம் தொண்டையில் எதையோ பூசிவிட்டுப் போயின. அந்தப் பச்சைப் பொட்டை விரலால் மூடினாள். கண்ணாடி சுட்டது. காய்ச்சல்காரன் நெற்றிபோல.

விரலை எடுத்துக்கொண்டாள். யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. சொல்ல வீட்டில் யாரும் இல்லை; மாமியாரும் மகளும் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

மழைக்காலத்துக்கு முன்னால் அவள் கணவன் இந்த வண்டியில் போய்ச் செத்தான். மலையடிவாரச் சாலையில், ஒரு வளைவில், விளக்கும் இன்ஜினும் ஒன்றாக அணைந்து வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த லாரிக்கு அவன் இருப்பதே தெரியவில்லை. மட்கார்டும் பின் விளக்கும் நசுங்கியதோடு வண்டி தப்பித்தது.

"சார்ஜ் ஏறல, ராத்திரியில எடுக்காதடான்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். கேக்கல."

போலீஸிடம் அப்படிச் சொன்னவர் டாக்டர். வண்டிகளுக்கு வைத்தியம் பார்ப்பதால் ஊரார் வைத்த பெயர். கணவனின் சின்ன வயதுச் சிநேகிதர். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்டது. மாமியார் அதைச் சொல்லியே அழுதாள். "அப்பா ஏம்மா சொன்ன பேச்சு கேக்கல?" என்று மகள் கேட்டாள். அவளும் நம்பினாள். படுக்கையில் கிடந்தபடியே செத்தவனோடு சண்டை போட்டாள். உன் அலட்சியத்துக்கு நாங்கள் என்ன பாவம் செய்தோம்?

ஆனால் தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் ஹார்னும் விளக்கும் பார்க்காமல் வண்டியை எடுக்காதவன் அவன். விடுமுறை நாட்களில் வண்டியைப் பிரித்துப் போட்டு அவளை டார்ச் பிடிக்கச் சொல்லுவான். "இதோ பாரு, இன்ஜின்லேர்ந்து வர்ற மூணு மஞ்சள் வயர். கரண்ட் இதுலதான் வருது. மூணும் அண்ணன் தம்பிங்க. ஒருத்தன் படுத்துட்டா மத்தவனுங்க ரொம்ப தூரம் பாரம் தூக்க மாட்டானுங்க."

போலீஸ் வண்டியைத் திருப்பித் தந்ததிலிருந்து, தன் ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போகிறேன் என்று டாக்டர் பலமுறை கேட்டுவிட்டார். அவள் விடவில்லை. "விக்கப் போறேண்ணே. சார்ஜ் ஆகலைன்னா எவன் வாங்குவான்? இங்கயே வந்து பாத்துக் குடுங்க."

வந்தார். முழங்கால்வரை நனைந்திருந்தார். கையில் கருவிப்பை.

"இந்த மழையில வைத்தியம் பாக்க வந்தா எனக்குத்தான் ஜுரம் வரும் போல, தங்கச்சி. ஒரு டீ குடுத்துக் காப்பாத்து."

"முதல்ல பாருங்கண்ணே. டீ எங்க ஓடிடப் போவுது."

அவர் சிரித்தார். பச்சை விளக்கைப் பார்த்தார். "பரவாயில்ல, பேட்டரிக்கு இன்னும் உசிரு இருக்கு."

பேட்டரி வண்டியில் இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. ஏன் என்று அவளுக்கே விளங்கவில்லை.

வண்டியின் இடது பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மூடியைக் கழற்றினார். டார்ச்சை வாங்கக் கை நீட்டினார், அவள் கொடுக்கவில்லை. "நானே பிடிக்கிறேன். பழக்கம்தான்." அவர் முதுகை ஒருபுறமாகத் திருப்பி, வெளிச்சத்துக்கும் வயருக்கும் நடுவில் தோளைக் கொண்டுவந்தார். அவள் நகர்ந்தாள். தோளும் நகர்ந்தது. வெளிச்சம் எங்கே போனாலும் அந்த ஈரச் சட்டை குறுக்கே வந்தது.

அப்போதுதான் அந்த ரீங்காரம் கேட்டது. முதலில் மழைத் தகரத்தின் அதிர்வு என்று நினைத்தாள். இல்லை, கீழேயிருந்து வந்தது. நிற்கிற இன்ஜினுக்குள் ஏதோ ஒன்று மிக மெதுவாக, வாய் திறக்காமல் முனகிக்கொண்டே சுற்றுவதுபோல. கூடவே ஒரு வாடை. சூடேறிய வார்னிஷ், தீயும் தூசி, அதற்கும் அடியில் மிக லேசாக, அவன் சட்டைக் காலரில் எப்போதும் இருக்கும் வியர்வையும் சோப்பும்.

டாக்டர் மின்சாரம் அளக்கும் மீட்டரை எடுத்து, அதன் இரண்டு முள்ளையும் வயர்களில் வைத்தார். எண்கள் ஓடின. பதினான்கு. இருபது. முப்பத்தொன்று.

"இன்ஜின் ஓடவே இல்லையேண்ணே."

"மீட்டர் மக்கர் பண்ணுது." அவர் அதைத் தொடையில் தட்டினார். நாற்பது. "சாவிய ஆஃப்ல போடு தங்கச்சி."

அவள் கையை விரித்துச் சாவியைக் காட்டினாள்.

அவர் திரும்பிப் பார்த்த அந்த நொடியில் தோள் விலகியது. வெளிச்சம் உள்ளே விழுந்தது. மூன்று மஞ்சள் வயர். இரண்டு முழுசாக. மூன்றாவது நடுவில் வெட்டப்பட்டு, இரு முனையிலும் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. டேப் பிரியாமலிருக்க அதன்மேல் வெள்ளை நூல் முடிச்சு. ஊரில் எந்த வண்டியைத் திறந்தாலும் டாக்டர் கை பட்ட இடத்தை அந்த நூல் சொல்லிவிடும்.

"அது என்னண்ணே?"

"எலி. எலி கடிச்சிருக்கும்."

"எலி நூல் கட்டுமா?"

அவர் எழுந்திருக்காமலே, வயரைப் பார்த்தபடி சொன்னார்: "சார்ஜ் ஓவரா ஏறி பல்பு பல்பா போயிட்டிருந்துச்சு. மாத்த வேண்டிய சாமான் வரல. ஒரு வயர வெட்டி விட்டா சார்ஜ் குறையும், எல்லா மெக்கானிக்கும் பண்றதுதான். பகல்ல ஓட்டினா ஒண்ணும் தெரியாது. லைட்டு போட்டு ரொம்ப நேரம் ஓட்டினாத்தான் பேட்டரி காலியாயிடும். மாப்ளகிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"சொன்னீங்களா?"

"ஷெட்ல அன்னைக்குக் கூட்டம், தங்கச்சி."

"போலீஸ்ல மட்டும் அவர்கிட்ட சொன்னேன்னு சொன்னீங்களே."

அவளுக்குள் இத்தனை நாள் செத்தவன் பக்கம் திரும்பியிருந்த ஒன்று, கதவு திரும்புவதுபோல, சத்தமில்லாமல் இந்தப் பக்கம் திரும்பியது. ரீங்காரம் ஒரு படி உயர்ந்தது.

"இரு, இரு, இப்பவே சேத்து விட்டுடறேன்." நூலைப் பல்லால் கடித்தார். டேப்பைப் பிய்த்தார். விற்றுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்ற அவசரம் அந்த விரல்களில் இருந்தது. வலக்கையில் ஒரு முனை. இடக்கையில் மறுமுனை.

ரீங்காரம் நின்றது.

அவர் உடம்பு நிமிர்ந்தது. முறுக்கிப் பிழிந்த துணிபோல விறைத்தது. இரண்டு கைகளும் செம்புக் கம்பிகளைக் கவ்விக்கொண்டன. விடவில்லை. விட முடியவில்லை.

"பேட்டரி..." பல்லிடுக்கில் வந்தது. "பேட்டரியக் கழட்டு..."

"பேட்டரி அடுப்படியில இருக்குண்ணே."

அவர் கண்கள் அவளிடம் வந்தன.

சுவரோரம் ஒட்டடைக் கம்பு சாய்ந்திருந்தது. காய்ந்த மூங்கில். மூங்கிலில் கரண்ட் ஏறாது, அதுவும் அவன் சொல்லித்தந்ததுதான். ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால் கை விலகிவிடும். அவள் கம்பை எடுத்தாள். பயந்தாள். இவ்வளவு பயத்தை அவள் அறிந்ததே இல்லை.

"அவர் உங்ககிட்ட என்ன கேட்டாருண்ணே?" என்றாள். "நல்லா பாத்துட்டியாடான்னு கேட்டிருப்பாரே. கேட்டாரா?"

தலை அசைந்தது. ஆமாம் என்றா, வெறும் அதிர்வா, தெரியவில்லை.

அவள் கம்பை இருந்த இடத்திலேயே சாய்த்து வைத்தாள். கீழே விழாமல். பத்திரமாக.

ஹெட்லைட் எரிந்தது. முதலில் ஆரஞ்சு. பிறகு மஞ்சள். பிறகு கண் கூசும் வெள்ளை. மங்கவில்லை, நடுங்கவில்லை. எதிர்ச் சுவரின் பாசி, விரிசல், ஒவ்வொரு செங்கல்லும் தெரிந்தது. மூன்று வயரும் வேலை செய்தன. மூன்றாவது வயர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தது. அதன் இமைகள் மூடவில்லை. அதன் வாய்க்குள்ளும் மெல்லிய வெளிச்சம்.

கருகல் நாற்றம்.

டார்ச் கீழே விழுந்து உருண்டது. அவள் எடுக்கவில்லை.

வண்டி அசைந்தது. ஸ்டாண்டிலிருந்து நிமிர்ந்தது. பின்பக்க ஸ்பிரிங் முனகியபடி அமுங்கியது, அவன் கனத்துக்கு ஓர் ஆள் ஏறி உட்கார்ந்தாற்போல. சீட்டின் முன்பாதி மட்டும் குழிந்தது. பின்பாதி காலியாக, ஈரமாக மின்னியது.

யாரோ காத்திருந்தார்கள்.

பிறகு இடது பக்கம், அவள் எப்போதும் கால் வைத்து ஏறும் பக்கம், மடங்கியிருந்த கால்மிதி மெதுவாக விரிந்து இறங்கியது. டாக்டரின் தோள்மேல் வந்து உட்கார்ந்தது. அந்தத் தோள் கொஞ்சமும் அசையாமல் தாங்கிக்கொண்டது.