ஒன்பதாவது கட்டம்

ஹீட்டர் லேபிளில் ஒட்டிய கொரிய வாசகம் திரையில் ஒன்பது வெற்றுக் கட்டங்களாக வந்து நின்றபோது டிசைனர் அசரவில்லை. ஃபான்டில் அந்த மொழி எழுத்து இல்லாவிட்டால் கட்டம்தான் வரும். பதினாறு வருடத்தில் கோடிக் கட்டம் பார்த்தவள். ஆனால் ஒன்பதாவது கட்டத்துக்குள் ஒரு கதவு இருந்தது.

கண்ணைக் கசக்கினாள். மூன்று வாரமாக லீவே இல்லை. அவள் விட்ட கொட்டாவியில் எதிர் மேசைக் காலண்டர் இரண்டு மாதம் தள்ளிப் புரண்டது. ஒரு மணி நேரத் தூரத்தில், வீட்டில், எட்டு வயது மகள் காய்ச்சலோடு தனியாகப் படுத்திருந்தாள். இந்த ஹீட்டர் லேபிள் நாலு மணிக்குள் அச்சகம் போனால்தான் இவள் வீட்டுக்குப் போகலாம்.

"ஏம்மா, நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள குடுத்துடுவியா?" என்றார் மேனேஜர், தன் அறையிலிருந்து தலையை மட்டும் நீட்டி.

"அஞ்சே நிமிஷம் சார். ஃபான்ட் மக்கர் பண்ணுது."

மோதிரத்தைத் திருகிக்கொண்டே வேறு ஃபான்ட் போட்டாள். எட்டுக் கட்டங்களில் கொரிய எழுத்துகள் சமர்த்தாக வந்து உட்கார்ந்தன. ஒன்பதாவதில் கதவு பெரிதானது. பச்சை பெயிண்ட் உரிந்த கதவு. அடியில் மகள் ஒட்டிய மீன் ஸ்டிக்கர். ஏசியின் புழுதி வாசத்துக்குள் காய்ச்சல் மருந்தின் இனிப்பு மெல்லக் கலந்தது. இன்னொரு ஃபான்ட். தாழ்ப்பாள் கொஞ்சம் நகர்ந்தது. இன்னொன்று. பாதி நகர்ந்துவிட்டது.

போன் அடித்தது.

"அம்மா, வந்துட்டியா?"

"இல்லடா தங்கம், ஆபீஸ்லதான் இருக்கேன்."

"அப்போ வெளிய நின்னு கூப்பிடுறது யாரு? உன் குரல்தான்மா."

"திறக்காத!"

"நான் தொடவே இல்லம்மா. தாழ்ப்பாள் தானா நகருது."

மேலும் நகராமல் நிறுத்த வேண்டும். களைத்த கைக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம்: அவுட்லைன். எழுத்தை வெறும் கோடாக உறையவைத்துவிட்டால், பிறகு எந்த ஃபான்டாலும் அதை அசைக்க முடியாது. அதற்கு முன் நகல் எடுத்துவைக்க வேண்டும் என்பது இந்தத் தொழிலில் சேர்ந்தவர்களுக்கு முதல் நாளே சொல்லித்தரும் பாடம்.

எடுக்கவில்லை. அழுத்தினாள். சேமித்தாள். பழக்க தோஷத்தில் ஃபைலை மூடி அச்சகத்துக்கும் அனுப்பிவிட்டாள்.

"தங்கம்?"

போனில் மூச்சை இழுக்கும் சத்தம். விடும் சத்தம் இல்லை.

"தங்கம்!"

ஃபைலைத் திறந்தாள். ஒருமுறை மூடிய ஃபைல் என்பதால் 'முந்தைய நிலை' பொத்தான் மங்கிக் கிடந்தது. எத்தனை முறை அழுத்தியும் மங்கியே கிடந்தது.

ஒன்பதாவது கட்டம். உறையவைத்த அந்த அழுத்தலிலேயே தாழ்ப்பாள் முழுதும் விலகியிருந்தது. கதவு ஒரு சாண் திறந்திருந்தது. காதில் போனோடு மகள். வாய் திறந்தபடி. அசைவில்லை.

கதவிடுக்கிலிருந்து நீண்ட ஒரு கை அவள் தோளில். அதன் விரலில் இவள் மோதிரம்.

டிசைனர் குனிந்து தன் கையைப் பார்த்தாள். விரலில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.