ஜன்னல் இடுக்கில் ஒரு மூச்சு

இடுக்கு அடைக்க நான்கு சிலிகான் டியூப், அதை அடிக்க ஒரு கன், இரண்டு கேன் ஃபோம். இவற்றோடு திரேஸ்புரத்தில் தங்கை ஆனியின் வீட்டுக்குள் டெரன்ஸ் நுழைந்தபோது பகல் மூன்று மணி. ஆனி கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் ஜாக்சனுக்கு மறுநாள் முப்பதாம் நாள் பூசை.

"வெளிச் சத்தம் பொட்டுக்கூட உள்ள வராது" என்று கடைக்கார அண்ணாச்சி சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். ஜாக்சன் செத்ததிலிருந்து டெரன்ஸ் துணைக்கு இங்கேதான் படுக்கிறான். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே எந்நேரமும் ஒரு சத்தம். ஸ்ஸ்... கொஞ்சம் நிற்கும். மறுபடி ஸ்ஸ்... கேட்டால் கடற்காற்று என்பார்கள். கடற்காற்று இப்படி நிறுத்தி நிறுத்தி மூச்சு வாங்குமா?

கடலடியில் சங்கு குளிக்கிறவனின் கயிற்றை, படகில் இருந்தபடி, அவன் மனைவியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தங்கை தாலியை எவனும் கைவிட மாட்டான் என்ற நம்பிக்கை. கீழே இருப்பவன் இரண்டு முறை இழுத்தால் உடனே தூக்கியாக வேண்டும். ஜாக்சன் செத்த அன்றைக்கு டெரன்ஸ், போன் பார்க்க இடைஞ்சல் என்று கயிற்றை மணிக்கட்டிலிருந்து கழற்றிப் படகுப் பலகையில் மாட்டினான். கம்ப்ரசரிலிருந்து கீழே ஜாக்சனுக்குக் காற்று போகும் டியூபின் மேலேயே வசதியாக உட்கார்ந்தும்கொண்டான், பாவி. நிமிர்ந்து பார்த்தபோது கடலில் குமிழி வருவது நின்றிருந்தது.

கம்ப்ரசர் நின்றுவிட்டது என்று ஊரிடம் சொன்னான். ஆனியும் நம்பினாள்.

ஃபோமை இடுக்கில் அடித்தான். மேலே சிலிகானை இழுத்து விரலால் வழித்தான். அறையெல்லாம் காடி நாற்றம். கடைசி இடுக்கில் கன்னின் முனையை வைத்தபோது விரலில் ஈரக்காற்று பட்டது. உப்பு வாடை. கூடவே ஜாக்சனின் குரல்.

"மச்சான்... காத்து..."

அடைத்துவிட்டான்.

சத்தம் நின்றது. ஒரு மாதத்தில் முதல் முறையாக. நிம்மதியில் அவனுக்கு அழுகையே வந்தது.

"எதுக்குண்ணே அடச்ச?"

வாசலில் ஆனி நின்றாள்.

"காத்து ஊளையிடுதுல்லா ஆனி. ஒனக்குத் தூக்கம் கெடுதுன்னு..."

"ஒரு மாசமா அந்த இடுக்குலதான் காத வச்சுப் படுத்திருக்கேன். அங்கனதான் அவரு பேசுவாரு." அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை. "நேத்து எல்லாத்தையும் சொல்லிட்டாரு. நீயா வந்து சொல்லுவன்னு பாத்தேன். ரெண்டாந்தடவையும் அடச்சிட்டியேண்ணே."



ஜன்னலைச் சுற்றி வழித்த வெள்ளைச் சிலிகான் ஓரிடத்தில் உப்பியது. குமிழி. வெடித்தது. பக்கத்தில் இன்னொன்று. பிறகு சட்டம் முழுக்க, கீழிருந்து மேலாக, அவசர அவசரமாக.

பிறகு ஒன்றிரண்டு.

பிறகு இல்லை.

டெரன்ஸ் பாய்ந்து நகத்தால் சிலிகானைப் பிய்த்தான். ஃபோமைக் கத்தியால் குத்தித் தோண்டி எடுத்தான். வெறும் இடுக்கு. வெயில் தெரிந்தது. மூச்சு இல்லை. ஆனி தரையில் உட்கார்ந்து, அன்று கரையில் அழுத அதே குரலில் அழத் தொடங்கினாள்.

அப்போது அவன் வெறும் மணிக்கட்டை ஏதோ இழுத்தது.

ஒரு முறை.

இரண்டு முறை.

இந்தத் தடவை அவன் கையில் போன் இல்லை. பிடித்துத் தூக்கக் கயிறும் இல்லை.