மூச்சு பதிவாகவில்லை

பெரியப்பா பேசியதாக அறிக்கை சொன்னது.

பக்கவாதத்தில் நாக்கு விழுந்ததிலிருந்து அவர் ஒரு சொல்கூடப் பேசியதில்லை. அவரைப் பார்த்துப் பார்த்துத்தான் அவள் இந்தக் கருவியை வடிவமைத்தாள். படுக்கையில் கிடக்கும் முதியவர்களிடம் கேள்வி கேட்டு, பதிலைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டு, குரலையும் இருமலையும் மூச்சையும் வைத்து உடல்நிலையைக் கணிக்கும். கேள்விகளுக்குத் தன் குரலையே பதிந்திருந்தாள். சோதனைக்கு ஒன்றை அவர் தலைமாட்டில் வைத்திருந்தாள்; அதன் அறிக்கை அலுவலகத்தில் அவள் திரைக்கு வரும்.

பேச்சு: தெளிவு. மூச்சு: பதிவாகவில்லை.

“மூச்சு விடாம பேச உங்க பெரியப்பா என்ன அரசியல்வாதியா?” என்று சிரித்தார் பக்கத்து மேசைக்காரர்.

அவள் சிரிக்காமல் பதிவைக் கேட்டாள். ‘ராத்திரி தூங்கினீங்களா?’ அவளுடைய குரல். பிறகு, மைக்கில் உதடு உரசும் நெருக்கத்தில் இன்னொரு குரல்.

‘அவரு தூங்கல. என்னையே பாத்துட்டு இருந்தாரு.’

கணவனை அழைத்தாள். “பெரியப்பா ரூமுக்கு யாராச்சும் வந்தாங்களா?”

“காலைலேர்ந்து நான் இங்கயேதான் இருக்கேன். உன் மிஷின் கேள்வி கேட்டதத் தவிர ஒரு சத்தமும் இல்ல. ஏன்?”

என்னவென்று சொல்வது? பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

வீட்டு வாசலில் கணவன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். “நல்லவேளை வந்துட்ட. மாத்திரை தீந்துபோச்சு, வாங்கிட்டு வந்துடறேன்.” அவள் வாய் திறப்பதற்குள் படியிறங்கிவிட்டான்.

தைல நெடியும் நாள்பட்ட மெத்தையின் ஈர வாடையும் கலந்து கிடந்த அந்த அறையில், மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தும் திரைச்சீலை அசையாமல் தொங்க, சாயங்கால வெளிச்சம் கட்டிலின் கால்மாட்டோடு நின்றுவிட்டிருந்தது. பெரியப்பா விழித்திருந்தார். கட்டிலோரம் உட்கார்ந்ததும் நல்ல கையால் அவள் மணிக்கட்டைப் பற்றினார். வலிக்கும் அளவுக்கு.

“நான்தான் பெரியப்பா. பயப்படாதீங்க.”

கருவியில் பச்சை விளக்கு எரிந்தது.

‘வணக்கம். இப்ப எப்படி இருக்கீங்க?’

பெரியப்பாவின் உதடுகள் இறுகியிருந்தன. விசிறியைத் தவிர அறையில் எந்த ஓசையும் இல்லை.

‘நல்லா இருக்கீங்களா. சரி.’

அவள் விரல்கள் கருவியின் மின்கம்பியைத் தேடின. எட்டவில்லை. பெரியப்பா கையை விடவில்லை.

‘கூட யாராவது இருக்காங்களா?’

மௌனம்.

‘ரெண்டு பேர் இருக்காங்களா. சரி.’

“விடுங்க பெரியப்பா. ஆஃப் பண்றேன்.”

‘சாப்பிட்டீங்களா?’

விசிறியின் சத்தம் மட்டும்.

‘இனிமேதானா. சரி.’

அவள் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. பார்வை அவள் தோளுக்குப் பின்னால் இருந்தது. மெல்ல மேலே ஏறியது, யாரோ எழுந்து நிற்பதைப் பார்ப்பதுபோல. அவள் தலையைத் தாண்டியது. கதவின் உயரத்தைத் தாண்டியது. கூரையைத் தொட்டது. அங்கே நிற்கவில்லை.

வளைந்து, அவள் உச்சந்தலையை நோக்கி, மெதுவாகக் கீழே இறங்கத் தொடங்கியது.